லேட்டன்சிமான்: குற்றவாளி நாடா இல்லை

கணினியில் ஒலி ஏன் வெட்டுகிறது என்று தேட உதவும் லேட்டன்சிமான் என்ற நிரலின் விமர்சனம் இது. ஆனால் முதலில் நாடாவைத்தான் திட்டினேன். சித்தப்பா விட்டுப்போன கேசட்டுகள், இரண்டு அட்டைப்பெட்டி நிறைய. கடிதம் எழுதச் சோம்பல்பட்டு, பேசிப் பதிவு செய்து உறவினர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த மனிதர் அவர். பெரும்பாலும் 90 நிமிட நாடா, பக்கத்துக்கு 45 நிமிடம். அவற்றைக் கணினியில் ஏற்றிவிடலாம் என்று ஒரு பழைய டெக், ஒலியைக் கணினிக்குள் வாங்கித் தரும் ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், ஆடாசிட்டி என்ற பதிவு நிரல் என்று கூட்டிவைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஒரு பக்கம் முடிந்து போட்டுக் கேட்டால், பேச்சுக்கு நடுவே டிக், படக் என்று வெட்டுகிறது. சில இடங்களில் ஈர விறகு எரிவது போலச் சடசடப்பு.

முப்பது வருட நாடா, பூசணம் பிடித்திருக்கும் என்று டெக்கின் ஹெட்டைத் துடைத்தேன். பலனில்லை. பிறகு ஒரு யோசனை வந்தது. அதே ஐந்து நிமிடத்தை இரண்டு முறை பதிவு செய்தேன். நாடாவில் கோளாறு என்றால் எத்தனை முறை ஓட்டினாலும் அதே சொல்லில்தான் டிக் கேட்க வேண்டும். கேட்கவில்லை. முதல் தடவை "சௌக்கியமா" என்ற சொல்லில் வெட்டு. இரண்டாம் தடவை அந்தச் சொல் சுத்தமாக இருந்தது, அதற்குப் பதில் அடுத்த வாக்கியம் கடிபட்டிருந்தது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வளைந்து வளைந்து போகிற கோடு ஓரிடத்தில் செங்குத்தாக அறுந்து வேறு உயரத்தில் தொடர்கிறது. நடுவில் இருந்த சாம்பிள்களை, அதாவது ஒலியை அளந்து வைத்த எண்களைக் காணோம். நாடா செய்கிற வேலை இல்லை இது.

தம்பியிடம் சொன்னேன். அவனுக்கு எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து: "அக்கா, கேபிளை மாத்திப் பாத்தியா?" மாற்றினேன். யூஎஸ்பி துளையையும் மாற்றினேன். கேபிள், எர்த் சமாச்சாரமாக இருந்தால் வருகிற சத்தமே வேறு. அது ஒரே சீரான ரீங்காரம், அல்லது மவுஸை அசைத்தால் கூடவே கீச்சிடுகிற சத்தம். எனக்கு வந்தது இடைவெளி விட்டு விழுகிற வெட்டு. இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். ரீங்காரத்துக்கு மருந்து வயரில் இருக்கிறது, வெட்டுக்கு மருந்து கணினிக்குள் இருக்கிறது.

சந்தேகம் விர்ச்சுவல் மெஷின் பக்கம் திரும்பியது தற்செயலாகத்தான். விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம், என்பது கணினிக்குள் மென்பொருளாலேயே ஓடும் இன்னொரு கணினி. மென்பொருள் சோதனை என் பிழைப்பு. என் கணினியில் விண்டோஸ். அதற்குள் ஒரு விஎம்மில் லினக்ஸ், காலை முதல் மாலை வரை ஓடிக்கொண்டே இருக்கும். வேலை பார்த்துக்கொண்டே பக்கத்தில் கேசட்டை ஓடவிடுவேன். விடுமுறை நாளில் பதிவு செய்த பக்கங்களில் மட்டும் வெட்டு குறைவாக இருப்பதை ஒரு நாள் கவனித்தேன். குறைவுதான், இல்லாமல் போகவில்லை. அந்த வித்தியாசம்தான் என்னை ரொம்பக் குழப்பியது, கடைசியில் விடையும் அதற்குள்ளேதான் இருந்தது. எந்த விஎம் மென்பொருள் என்று கேட்காதீர்கள், பெயர் சொல்லப் போவதில்லை. இந்த விமர்சனம் அதற்கானது இல்லை. குற்றவாளியைக் கண்டுபிடிக்க உதவிய லேட்டன்சிமான் என்ற சின்ன நிரலுக்கானது.

ரெஸ்ப்ளெண்டன்ஸ் என்ற நிறுவனத்தின் நிரல் இது. விண்டோஸில் மட்டும் ஓடும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். இறக்கி, நிறுவி, பச்சை முக்கோணத்தை அழுத்தினால் அளக்கத் தொடங்கிவிடும். தோற்றம் பதினைந்து வருடத்துக்கு முந்தைய நிரல் மாதிரி இருக்கும், அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை. மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்புக்கு அலங்காரம் எதற்கு?

அது எதை அளக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதில் வருகிற எண்கள் பயமுறுத்தும். ஒலி கணினிக்குள் சின்னச் சின்னக் கட்டுகளாகப் போய் வருகிறது. நொடிக்கு 44,100 சாம்பிள். என் இன்டர்ஃபேஸில் பஃபர், அதாவது ஒரு கட்டின் அளவு, 128 சாம்பிள் என்று வைத்திருந்தேன், அப்படியென்றால் 2.9 மில்லிநொடிக்கு ஒரு கட்டு. அந்த நேரத்துக்குள் ஆடியோ நிரல் வந்து கட்டை வாங்கிக்கொண்டு போயாக வேண்டும். வரத் தாமதமானால் அடுத்த கட்டு வந்து மேலே விழும், ஒன்று தொலையும். அதுதான் டிக்.

ஏன் தாமதமாகிறது? கணினியில் ஒவ்வொரு சாதனமும், அதாவது நெட்வொர்க் கார்டு, டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாமே, வேலை இருக்கும்போது செயலியைக் கூப்பிடும். செயலி கையில் உள்ளதைப் போட்டுவிட்டு ஓடும். அந்த முதல் ஓட்டத்துக்கு ஐஎஸ்ஆர் என்று பெயர். மிகச் சுருக்கமாக முடிய வேண்டும். மிச்ச வேலையைச் சற்றுத் தள்ளிவைத்துச் செய்வது டிபிசி. சிக்கல் என்னவென்றால், டிபிசி ஓடும்போது அந்தக் கோரில், அதாவது செயலிக்குள் இருக்கும் அந்தக் குட்டிச் செயலியில், எந்தச் சாதாரண நிரலும் ஓட முடியாது, எவ்வளவு முன்னுரிமை கொடுத்திருந்தாலும். கவுன்டர் வரிசையில் "ஒரு நிமிஷம்தான் சார்" என்று குறுக்கே புகுந்து, அங்கேயே நின்று கதை பேசுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். சாதனங்களை இயக்கும் நிரலான டிரைவரை எழுதுபவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் வழிகாட்டல்: ஐஎஸ்ஆர் 25 மைக்ரோநொடிக்குள், டிபிசி 100 மைக்ரோநொடிக்குள் முடிய வேண்டும். எல்லா டிரைவரும் அப்படியா நடந்துகொள்கின்றன!

டாஸ்க் மேனேஜரில் செயலி உபயோகம் 15 சதவீதம்தான் காட்டியது, கணினி சும்மாதானே இருக்கிறது என்று நான் ஏமாந்தது இங்கேதான். சதவீதம் என்பது சராசரி. ஒரு நொடியில் 3 மில்லிநொடி மட்டும் ஒருவன் வாசலை அடைத்து நின்றால் சராசரியில் தெரியவே தெரியாது. காதுக்குத் தெரியும்.

லேட்டன்சிமானை முதலில் இரண்டு நிமிடம் ஓட்டினேன். எல்லாம் பச்சை. "உங்கள் கணினி நிகழ்நேர ஒலிக்கு ஏற்றது" என்ற பொருளில் ஒரு வாக்கியம். ஹெட்ஃபோனிலோ டிக், டிக். இந்த நிரலைப் பயன்படுத்துகிற பலர் இந்த இடத்திலேயே அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அவசரப்பட்டால் பொய்ப் பச்சை காட்டும். வழக்கமாக என்னென்ன ஓடுமோ அத்தனையும் ஓட வேண்டும், குறைந்தது பத்து நிமிடமாவது விட வேண்டும். விஎம், உலாவி, கேசட் பதிவு மூன்றையும் தொடங்கிவிட்டு மறுபடியும் அழுத்தினேன். ஏழாவது நிமிடத்தில் பட்டை சிவப்பானது. ஒலி அறுபடவும் டிக் சத்தம் வரவும் வாய்ப்பு அதிகம் என்று அறிக்கை சொன்னது. அது எனக்கே தெரியும், யாரால் என்று சொல்!

சொன்னது. டிரைவர்கள் பட்டியல் இருக்கும் பகுதிக்குப் போய், அதிகபட்ச நேரம் என்ற நெடுவரிசையை அழுத்தி வரிசைப்படுத்தினால் மேலே நிற்பவர்தான் ஆள். என் கணினியில் என்டிஐஎஸ், 2,400 மைக்ரோநொடி. விண்டோஸின் நெட்வொர்க் அடுக்கு அது. இன்னொரு எண்ணும் சிவப்பாக இருந்தது: ஹார்ட் பேஜ்ஃபால்ட், அதாவது நினைவகத்தில் இருக்க வேண்டியது டிஸ்க்கில் கிடக்க, அதைப் போய் எடுத்துவரும் வரை நிரல் காத்து நிற்பது. அது மைக்ரோநொடிக் கணக்கு இல்லை, பல பத்து மில்லிநொடிகள்.

இங்கே ஒரு முட்டாள்தனத்தையும் ஒப்புக்கொள்கிறேன். கேசட்டைப் பதிவு செய்ய 128 சாம்பிள் பஃபர் எதற்கு? பாடிக்கொண்டே தன் குரலைத் தானே கேட்பவர்களுக்குத்தான் தாமதம் குறைவாக இருக்க வேண்டும். என்றோ குரல் பதிவுக்காக வைத்ததை மாற்ற மறந்திருந்தேன். 1024 ஆக்கினேன், 23 மில்லிநொடி அவகாசம். பக்கத்துக்கு நாற்பது வெட்டு என்றிருந்தது மூன்று நான்காகக் குறைந்தது. பலர் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு மனம் வரவில்லை. பெரிய பஃபரையும் தாண்டி விழுகிற அந்த மூன்று நான்கு எங்கிருந்து வருகின்றன?

விஎம்மை அணைத்துவிட்டு மறுபடியும் அளந்தேன். பேஜ்ஃபால்ட் எண் படுத்துவிட்டது. என்டிஐஎஸ் மட்டும் அசையவில்லை, அதே 2,400 சுமார். விடுமுறை நாளில் வெட்டு குறைந்ததற்கும், முழுக்கப் போகாததற்கும் காரணம் அப்போதுதான் பிடிபட்டது. ஒரு நோய் இல்லை, இரண்டு. ஒன்று விஎம் ஓடும்போது மட்டும் வருவது. இன்னொன்று விஎம் தூங்கினாலும் விழித்திருப்பது.

முதலாவது எளிது. மொத்தம் 16 ஜிபி நினைவகத்தில் 12 ஜிபியை விஎம்முக்குத் தாரை வார்த்திருந்தேன். விண்டோஸ், உலாவி, ஆடாசிட்டி எல்லாம் மிச்சம் நான்கில் நெருக்கியடித்து, ஒன்றை ஒன்று டிஸ்க்குக்குத் தள்ளிக்கொண்டிருந்தன. 6 ஜிபியாகக் குறைத்தேன். எட்டுக் கோரும் அதற்கே என்று இருந்ததை நான்காக்கினேன். கோர்களை அள்ளிக் கொடுத்தால் விஎம் வேகமாக ஓடும் என்று நம்புகிறோம். உண்மையில் ஹோஸ்டுக்கு, அதாவது விஎம்மைத் தாங்கும் வெளிக் கணினிக்கு, மூச்சுவிட இடமில்லாமல் போனால் இரண்டுமே திணறும். பெரிய பஃபரையும் தாண்டி வந்த வெட்டுகள் அன்றோடு நின்றன.

இரண்டாவதுதான் என்னை மூன்று மாலை அலைக்கழித்தது. லேட்டன்சிமான் என்டிஐஎஸ் என்கிறது. அதை நம்பி வைஃபையை அணைத்தேன், பட்டை பச்சையானது. ஆகா, வைஃபை கார்டுதான் என்று முடிவு கட்டி டிரைவரைப் புதுப்பித்தேன், பழையதற்குத் திரும்பினேன், வேறொன்றைப் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. வைஃபையை அணைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள் என்று எல்லாரும் சொல்கிற ஆலோசனை வேலை செய்யும்தான். ஆனால் 45 நிமிடம் நெட் இல்லாமல் உட்கார்ந்தால் என் பிழைப்பு நடக்காது.

நான்காம் நாள் வைஃபை அடாப்டரின் பண்புகளைத் திறந்து, அதில் டிக் குறி போட்டிருந்த பட்டியலைச் சும்மா படித்தேன். நடுவில் ஒன்று, விஎம் மென்பொருள் கொண்டுவந்து சொருகிய பிரிட்ஜ் வடிகட்டி. விஎம்முக்கு வீட்டு நெட்வொர்க்கில் தனி முகவரி கொடுப்பதற்காக, போகிற வருகிற ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் அது பிரித்துப் பார்க்கிறது. வைஃபையில் இது இன்னும் சிரமமான வேலை. வைஃபை அணுகுமுனை தன்னிடம் பதிவு செய்துகொண்ட ஒரே மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணைத்தான் ஏற்கும். அதனால் விஎம்மின் பொட்டலங்களில் முகவரியை மாற்றி எழுதி அனுப்பி, திரும்பி வருவதை மறுபடியும் மாற்றி எழுத வேண்டும். அந்த வடிகட்டி விஎம் ஓடுகிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. மென்பொருளை நிறுவிய நாளிலிருந்து விண்டோஸின் நெட்வொர்க் அடுக்குக்குள் குடியிருக்கிறது. அது எடுத்துக்கொள்ளும் நேரமெல்லாம் அது ஒட்டிக்கொண்டிருக்கும் அடுக்கின் பெயரில், என்டிஐஎஸ் கணக்கில் ஏறியிருக்கிறது.

அந்த வடிகட்டிக்கு எதிரே இருந்த டிக் குறியை எடுத்தேன். விஎம்மின் நெட்வொர்க்கை பிரிட்ஜிலிருந்து NAT முறைக்கு, அதாவது ஹோஸ்டின் முகவரியையே பகிர்ந்துகொள்ளும் முறைக்கு, மாற்றினேன். வைஃபை ஓடிக்கொண்டிருக்க, விஎம்மும் ஓட, பஃபரை வேண்டுமென்றே மறுபடியும் 128 ஆக்கிப் பத்து நிமிடம் அளந்தேன். அதிகபட்சம் 190 மைக்ரோநொடி. பச்சை. அதையே அரைமணி நேரம் விட்டுப் பார்த்தேன், அசையவில்லை. எழுந்துபோய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன், அவ்வளவு நிம்மதி.

ஆக, லேட்டன்சிமானைப் பற்றி என் கருத்து இதுதான். அது காட்டுவது சம்பவம் நடந்த வீட்டு முகவரியை, செய்தவனின் பெயரை இல்லை. என்டிஐஎஸ் என்று வந்தால் அதன் மேல் யார் ஏறி உட்கார்ந்திருக்கிறார் என்று தேட வேண்டும். யூஎஸ்பி பக்கமும் இதே கதைதான். விஎம் மென்பொருள்கள் யூஎஸ்பி சாதனங்களை உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு டிரைவரை வைத்திருக்கும். ஆடியோ இன்டர்ஃபேஸைச் சொருகியதும் அது விஎம்முக்குள் போய்விட்டதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், விஎம்முக்கு ஒலி தேவையில்லை என்றால் அதன் ஒலிக் கார்டையே அமைப்பில் கழற்றிவிடலாம். நான் கழற்றிவிட்டேன், இதுவரை தேடவில்லை.

நிரலுக்கு எட்டாத இடங்களும் உண்டு. விஎம்முக்குள்ளேயே அதை நிறுவி அளக்காதீர்கள். ஆர்வக்கோளாறில் ஒரு விண்டோஸ் விஎம்மில் போட்டுப் பார்த்தேன், எண்கள் மலை மாதிரி எகிறின. உள்ளே இருக்கிற கணினியை ஹோஸ்ட் நடுநடுவே நிறுத்திவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகும். அந்த இடைவெளியெல்லாம் உள்ளிருந்து பார்த்தால் தாமதமாகத் தெரியும், காரணம் தெரியாது. விஎம்முக்குள் ஓடும் பாட்டு மட்டும் திக்குகிறது, வெளியே எல்லாம் சரி என்றால் அது தனி நோய். அங்கே ஒலிக் கார்டே மென்பொருளால் செய்த பொம்மை. இன்டெல் எச்டி, ஏசி97 என்று அமைப்பில் வேறு வேறு பொம்மை இருக்கும், மாற்றிப் பார்க்கலாம்.

இன்னொன்று ஹைப்பர்-வி, மைக்ரோசாஃப்டின் சொந்த விஎம் வசதி. அது இயங்கும்போது உங்கள் விண்டோஸே ஹைப்பர்வைசர் என்ற, விஎம்களை ஓட்டும் அடித்தளத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். நாம் ஹோஸ்ட் என்று நினைப்பதும் ஒரு வகையில் விருந்தாளிதான். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2, மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி இரண்டுக்கும் இந்த ஹைப்பர்வைசர் வேண்டும். நாம் ஹைப்பர்-வியைத் தொட்டதே இல்லை என்றாலும் அது ஓடிக்கொண்டிருக்கலாம். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தின் கடைசியில் ஹைப்பர்வைசர் கண்டறியப்பட்டது என்று எழுதியிருந்தால் ஓடுகிறது. அந்த நிலையில் வேறு நிறுவனத்தின் விஎம் மென்பொருள் நேரடிப் பாதையை விட்டுச் சுற்றுவழியில் போக நேரிடும். ஒரு மென்பொருளில் அதற்கு அடையாளமாக மூலையில் ஒரு ஆமைப் படம் வரும், குறும்புக்காரர்கள். ஒலிக்காக மெமரி இன்டெக்ரிட்டியை அணைக்கச் சொல்லும் ஆலோசனையை நான் பின்பற்றவில்லை. அது இருக்கும்போதே எனக்கு 190 வந்துவிட்டது. பாதுகாப்பைக் கழற்றுவதற்கு முன் வடிகட்டிகளைக் கழற்றிப் பாருங்கள்.

மின்சிக்கன அமைப்பை மாற்றச் சொல்லியும் லேட்டன்சிமான் அறிக்கையில் ஒரு வரி வரும். மடிக்கணினியில் அதற்குப் பலன் இருக்கலாம். என்னுடைய மேசைக் கணினியில் மாற்றியும் எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை, பழையபடியே விட்டுவிட்டேன்.

குறை என்று சொன்னால், அறிக்கையின் மொழி. ஒரே தட்டில் எல்லா ஆலோசனையையும் கொட்டுகிறது. டிரைவரைப் புதுப்பி, பயாஸைப் புதுப்பி, மின்சிக்கனத்தை அணை. புதிதாக வருகிறவர் மேலிருந்து ஒவ்வொன்றாகச் செய்யத் தொடங்கினால் ஒரு வார இறுதி போய்விடும். அந்தப் பத்தியைப் படிக்காமல் நேரே டிரைவர் பட்டியலுக்குப் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அணைத்து, ஒவ்வொரு முறையும் அளவைப் புதிதாகத் தொடங்கி, எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். என் தாளில் 22 வரி இருக்கிறது. 17ஆவது வரிதான் விடை.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். விஎம் மென்பொருளை நீக்கவில்லை, அது இல்லாமல் முடியாது. ஆனால் அதைப் புதுப்பித்த கையோடு அந்த டிக் குறி மறுபடியும் முளைத்திருக்கிறதா என்று அடாப்டர் பண்புகளைத் திறந்து பார்க்கிறேன். ஒரு முறை முளைத்திருந்தது.

கெட்டுப்போன பதினோரு பக்கங்களையும் மறுபடியும் பதிவு செய்தேன். கடைசிக்கு முந்தையதில் ஒரே ஒரு படக். திக்கென்றது. அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை ஓட்டினேன். அதே சொல், அதே இடம். மூன்றாம் முறையும் அங்கேதான். சித்தப்பா பேச்சை நிறுத்தி, ரெக்கார்டரின் பொத்தானை அழுத்திவிட்டு, யாரோ வாசலில் கூப்பிட்டதற்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறார். "எங்கே விட்டேன்?" என்றுதான் அடுத்த வாக்கியம் தொடங்குகிறது. அந்தப் படக்கை அப்படியே விட்டுவிட்டேன்.